துருவத்துப் பனியும் நீலகிரித் தேயிலையும்

நீலகிரி ஜில்லாவில் கூடலூர்த் தாலுகாவைச் சேர்ந்த ஸ்ரீமதுரைக்கும் வட துருவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வினவினால், வினவுபவர் வேடிக்கை பேசுகிறார் என்றே நேயர்கள் கருதுவர். முதுமலைக் காட்டை அடுத்து, தேயிலைச் சரிவுகளுக்கும் வயல்களுக்கும் நடுவே கிடக்கும் ஊர் அது. யானை புகுந்து வாழையை அழித்தால் அங்கே பேச்சு நடக்கும். பச்சைத் தேயிலை கிலோவுக்கு என்ன விலை போயிற்று என்று பேச்சு நடக்கும். பட்டா இல்லாத நிலத்தைப் பற்றி ஓயாத பேச்சு நடக்கும். துருவத்தைப் பற்றிப் பேச எவருக்கும் அங்கே அவகாசமில்லை. ஆயினும் சம்பந்தம் இருக்கிறது. அது கவிகள் கட்டும் சம்பந்தமன்று. கருவியால் அளந்து, சர்வதேச உடன்படிக்கையில் ஏறி, நம் தேசத்தின் தடை உத்தரவாகத் திரும்பி, தேயிலைத் தோட்டத்து மருந்துக் கிடங்கின் வாசலில் வந்து நின்ற சம்பந்தம்.

துருவப் பிரதேசங்களை ஆளும் முறையில் சென்ற அறுபது எழுபது வருஷங்களில் அநேக புதுமைகள் தோன்றியிருக்கின்றன. விஷயம் தெரியவந்தது, ஆகவே புது ஏற்பாடு பிறந்தது என்று இதற்குக் காரணம் கூறுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தும் ஒன்றும் பிறவாத காலங்கள் உண்டு. தெரிந்ததைச் சபையில் எடுத்துச் சொல்லும் பாத்தியதை யாருக்கு, அதைக் கேட்டே தீரவேண்டிய கடமை யாருக்கு என்பதைப் பொறுத்தே புதுமைகள் பிறந்தன. இதை ரூபிப்பதற்குத் தேயிலையின் கதையைவிடத் தகுந்தது வேறில்லை.

விஷத்தின் யாத்திரை

தேயிலைச் செடிக்குச் சத்துருக்கள் பல. இளங்கொழுந்தைக் குத்திச் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு ஒன்று. இலையைச் செம்பழுப்பாக்கும் சிவப்புச் சிலந்தி மற்றொன்று. இவற்றை ஒழிப்பதற்காக இந்தியத் தேயிலைத் தோட்டங்களில் பல்லாண்டுகள் என்டோசல்பானும் டைகோபாலும் தெளிக்கப்பட்டு வந்தன. என்டோசல்பான் 1950-களின் மத்தியில் ஜெர்மன் கம்பெனியொன்று சந்தைக்குக் கொண்டுவந்த மருந்து. பிற்காலத்தில் உலகத்திலேயே அதை மிகுதியாகச் செய்ததும் மிகுதியாகத் தெளித்ததும் நம் தேசமே. டைகோபால் என்பது டி.டி.டி.யை மூலப் பொருளாகக் கொண்டு செய்யப்படுவது.

தெளித்த மருந்து முழுவதும் செடியிலே தங்கிவிடுவதில்லை. தெளிப்பவனுடைய தோலிலும் சுவாசத்திலும் ஒரு பங்கு போகிறது. மழையோடு ஒரு பங்கு ஓடுகிறது. கூடலூர்ப் பக்கத்து மழை, பாண்டியாறும் புன்னம்புழையும் வழியாகச் சாலியாற்றை அடைந்து மேல்கடலில் கலப்பது ஒரு பாதி. மாயாற்றின் வழியே பவானிக்கு வந்து காவிரியில் சேர்வது மறுபாதி. இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரிந்த வழிகள். கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது வழி ஆகாயம். இவ்வகை விஷங்கள் வெப்பமான நாட்டில் ஆவியாகி எழும்பும். குளிர்ந்த இடத்தில் படியும். மறுபடி வெயில் கண்டால் எழும்பும். வெட்டுக்கிளி தாவித் தாவிப் போவதுபோல் அவை போகின்றன என்பர் விஞ்ஞானிகள். எங்கே போனால் மறுபடி எழும்ப முடியாத குளிர் இருக்கிறதோ அங்கேதான் அவற்றின் யாத்திரை முடிகிறது. அந்த இடம் துருவம். அங்கே கடலின் நுண்ணுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கடல்நாய்க்கும், கடல்நாயைத் தின்னும் மனிதனுக்கும் கொழுப்பின் வழியே அவற்றில் பல ஏறுகின்றன. படிக்குப் படி செறிவு கூடுகிறது.

தென் துருவத்து அடேலிப் பென்குயின் பறவையின் உடலில் டி.டி.டி. இருப்பதை 1966-ம் வருஷமே கண்டு எழுதினார்கள். உழவும் இல்லாத, மலேரியாவும் இல்லாத கண்டம் அது. கனடாவின் வடகோடியிலுள்ள அலர்ட் என்ற நிலையத்தில் 1990-கள் முதல் காற்றைப் பிடித்து வடிகட்டிச் சோதித்ததில் என்டோசல்பான் தவறாமல் அகப்பட்டது. அலர்ட்டில் தேயிலையும் இல்லை, பருத்தியும் இல்லை, முந்திரியும் இல்லை.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லாமல் மேலே செல்லக் கூடாது. வயநாட்டையும் கூடலூரையும் ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சல் சூறையாடிக்கொண்டிருந்தது. 1953-ம் வருஷம் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கி டி.டி.டி. தெளித்த பிறகே அங்கே மனிதர் அச்சமின்றிக் குடியிருக்க முடிந்தது. ஆகவே, பனிநாட்டார் பேச்சைக் கேட்டு மருந்தெல்லாம் விஷமென்று கூவுவது நம் நோக்கமன்று. பின்னால் ஏற்பட்ட உடன்படிக்கையும் மலேரியாவுக்காக டி.டி.டி. தெளிப்பதற்கு விலக்கு அளித்தது. அவ்வளவில் அது ஏழை நாடுகளின் சொல்லையும் காதில் வாங்கிற்று.

வெள்ளைக் கண்டத்தின் வாக்குரிமை

துருவங்களை ஆளுவோர் யார்? தென் துருவத்துக்கு ஒரு முறை. வட துருவத்துக்கு வேறொரு முறை.

அண்டார்க்டிகாவில் ஏழு தேசங்கள் தங்களுக்குப் பாத்தியதை உண்டென்று துண்டு துண்டாக எல்லை கீறி வைத்திருந்தன. அக்காலத்தில், சுதந்திரம் பெற்று ஒன்பது வருஷமேயான இந்தியா, 1956-ம் வருஷம் ஐக்கிய நாட்டுச் சபையின் நிகழ்ச்சி நிரலில் அண்டார்க்டிகா விவகாரத்தைச் சேர்க்கவேண்டுமென்று எழுதிக் கொடுத்தது. அக்கண்டம் எவருடைய சொந்தச் சொத்துமாகாமல் உலகத்தின் சமாதான காரியங்களுக்கே உபயோகப்படவேண்டும் என்பது அதன் கருத்து. எதிர்ப்பு வந்தது, பிரேரணை வாபஸாயிற்று. 1958-ம் வருஷம் மறுபடி கொண்டுவரப்பட்டு மறுபடி நின்றுபோயிற்று. பனியைக் கண்ணால் கண்டிராத தேசத்துக்கு இவ்விஷயத்தில் என்ன அக்கறை என்று அன்று நகைத்தவர்கள் உண்டு. 1959 டிசம்பர் 1-ம் தேதி வாஷிங்டனில் பன்னிரண்டு தேசங்கள் கூடிக் கையெழுத்திட்டன. அப்பன்னிரண்டில் நாம் இல்லை.

ஆயினும் அவ்வுடன்படிக்கையில் இரண்டு புதுமைகள் இருந்தன என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். எந்தத் தேசத்தின் நிலையத்தையும், எந்த நேரத்திலும், மற்றத் தேசத்தின் பிரதிநிதி கதவைத் தட்டிப் பார்வையிடலாம். விஞ்ஞானத்தால் கண்டதை ஒருவருக்கொருவர் மறைக்காமல் கொடுத்து வாங்கவேண்டும். அமெரிக்காவும் சோவியத்தும் எங்கும் ஒன்றையொன்று ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் இப்படி எழுதப்பட்டது சாமானியமன்று. மற்றொன்று இன்னும் விசேஷமானது. பின்னால் சேரும் தேசத்துக்கு வாக்குரிமை எப்படிக் கிடைக்கும்? படையாலன்று, பணத்தாலன்று, அங்கே சென்று கணிசமான ஆராய்ச்சி செய்து காட்டினால் கிடைக்கும். அறிவே அங்கே வாக்குச் சீட்டு.

இதிலும் சூது இல்லாமலில்லை. கப்பலும் நிலையமும் வைக்கப் பணமுள்ளவனுக்கே அந்த அறிவு கிட்டும். பணக்காரர் சங்கம் என்று மலேசியா 1980-களில் ஐக்கிய நாட்டுச் சபையில் இடித்துரைத்தது பொய்யன்று. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா அச்சங்கத்தில் அன்று சுகமாக வீற்றிருந்தது. இந்தியா இரு வழிகளில் கடினமானதைத் தெரிந்துகொண்டது. டாக்டர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட நம் கூட்டத்தார் 1982 ஜனவரி 9-ம் தேதி பனிக் கரையில் இறங்கினர். 1983 ஆகஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தோம். அடுத்த மாதமே வாக்குரிமை கிடைத்தது. தக்ஷிண கங்கோத்ரி, பிறகு மைத்ரி, 2012-ல் பாரதி என்று நிலையங்கள் எழுந்தன. இன்று வாக்குரிமையுள்ள இருபத்தொன்பது தேசங்களில் நம்முடையது ஒன்று. 2024 மே மாதம் அவற்றின் மகாநாடு கொச்சியிலேயே கூடிற்று. கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கினால் ஒரு நாள் பயணத்தில் எட்டும் ஊர் அது.

விஷயம் தெரிவது வேறு, அது காரியமாவது வேறு என்றோமே, அதற்கு ஓசோன் ஒரு நல்ல உதாரணம். 1957-ம் வருஷத்துச் சர்வதேசப் பூகோள ஆண்டின்போது உலகெங்கும் டாப்ஸன் கருவி வைத்து ஆகாயத்து ஓசோனை அளந்தார்கள். நம் கொடைக்கானலிலும் அளந்தார்கள். அண்டார்க்டிகாவில் பிரிட்டிஷார் ஹாலி நிலையத்திலும் அளந்தார்கள். பழைய கருவியோடு பொறுமையாக உட்கார்ந்திருந்த ஹாலி நிலையத்தார்தாம் 1985-ல் ஓசோன் படலம் வசந்தந்தோறும் இற்றுப்போவதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார்கள். அமெரிக்க விண்கோளோ அதே குறைவை முன்னமே பதிந்து வைத்திருந்தது. இவ்வளவு குறைந்த எண்கள் நம்பத்தகாதவை என்று குறியிடப்பட்டு அவை கவனிப்பாரற்றுக் கிடந்தன! தகவல் மலைபோல் குவிந்திருந்தும் பயன்படாமற் போனதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா? ஹாலியின் செய்தி வந்த இரண்டரை வருஷத்துக்குள் மான்ட்ரீல் உடன்படிக்கை பிறந்தது. 1990-ல் லண்டனில், மாற்றுப் பொருளின் செலவையும் வித்தையையும் பணக்கார நாடுகள் கொடுக்கவேண்டுமென்று இந்தியா வாதாடியதும், அதற்கென்று ஒரு பொது நிதி ஏற்பட்டதும், 1992-ல் நாம் சேர்ந்ததும் நமக்குக் கௌரவம் தரும் சரித்திரம்.

தாய்ப்பாலின் சாட்சியம்

வட துருவத்தின் விஷயம் வேறு. அங்கே நடுவில் கடல். சுற்றிலும் எட்டு தேசங்களின் நிலம். அந்நிலத்தில் இனூயிட், சாமி முதலிய பூர்வகுடிகள் வேட்டையாடியும் கலைமான் மேய்த்தும் வாழ்ந்து வருகிறார்கள். தெற்கே பென்குயினுக்குப் பேசத் தெரியாது. வடக்கே பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களைக் கேட்பாரில்லை.

1980-களில் க்யூபெக் மாகாணத்து வைத்தியர் எரிக் துவெய்லி என்பவர் நகரத்துத் தாய்மாரின் பாலில் தொழிற்சாலை ரசாயனங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க மாசற்ற பால் வேண்டியிருந்தது. புகைபோக்கிகளுக்கு ஆயிரம் மைல் அப்பாலுள்ள வடக்கத்தி இனூயிட் தாய்மாரின் பாலைவிட மாசற்றது எது? அதை வரவழைத்துச் சோதித்தால், நகரத்துத் தாய்மாரின் பாலைப்போல் ஐந்து மடங்கு விஷம்! கடல்நாய்க் கொழுப்பும் திமிங்கிலக் கொழுப்பும் அவர்களுடைய அன்றாட ஆகாரம். உலகத்தின் கழிவு அதில் வந்து தங்கியிருந்தது. பால் கொடுக்கலாமா கூடாதா என்று கேட்ட தாய்க்கு என்ன பதில் சொல்வது? கொழுப்பைத் தின்னாதே என்றால், கடையில் விற்கும் மாவும் சர்க்கரையும் தின்று வேறு வியாதியில் விழவேண்டும். ஆகவே, கொடுப்பதே மேல் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இவ்வளவு கசப்பான புத்திமதியை வேறெந்தத் தாயும் கேட்டிருக்கமாட்டாள்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த புதுமை நிகழ்ந்தது. 1991-ல் எட்டு தேசங்களும் சேர்ந்து வட துருவத்து மாசுகளை அளக்க ஒரு பொது ஏற்பாடு செய்தன. 1996-ல் ஒட்டாவாவில் ஆர்க்டிக் கவுன்சில் ஏற்பட்டபோது, பூர்வகுடிகளின் சங்கங்களுக்கு அதில் நிரந்தர ஸ்தானம் கொடுத்தார்கள். பிறகு அவ்வாறு இடம்பெற்ற சங்கங்கள் ஆறு. அவர்களுக்கு வாக்கில்லை, ஆனால் அவர்களைக் கலந்துகொள்ளாமல் எதையும் தீர்மானிக்கலாகாது. ராஜ்யங்கள் மட்டுமே உட்காரும் மேஜையில், ராஜ்யமில்லாத ஜனங்கள் நாற்காலி பெற்றது உலக சரித்திரத்தில் அபூர்வம்.

அந்த நாற்காலியிலிருந்து எழுந்து அவர்கள் வேறு சபைகளுக்கும் சென்றார்கள். நிலைத்து நிற்கும் விஷங்களை ஒழிக்க ஓர் உலக உடன்படிக்கை செய்ய 1999 ஜனவரியில் நைரோபியில் பேச்சு நடந்தபோது, இனூயிட் ஸ்திரீ ஷீலா வாட்-க்ளூடியே என்பவர், தாயும் சேயுமாகச் செதுக்கிய இனூயிட் சிற்பமொன்றைச் சபையாரிடம் அளித்தார். பேச்சுக்கள் நடந்த காலத்தில் அது தலைவர் முன்பாக இருந்தது. எண்களை ஆட்சேபிக்கலாம், அச்சிற்பத்தை எப்படி ஆட்சேபிப்பது? 2001 மே 22-ம் தேதி ஸ்டாக்ஹோமில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வட துருவமும் அதன் பூர்வகுடிகளும் விசேஷ அபாயத்திலிருப்பதை அதன் முகவுரையிலேயே பொறித்தார்கள். பன்னிரண்டு விஷங்கள் முதலில் பட்டியலாயின.

புதிய விஷத்தைப் பட்டியலில் சேர்ப்பதற்கு அவ்வுடன்படிக்கை வகுத்த முறையையும் கவனிக்கவேண்டும். ஒரு மருந்து பிறந்த இடத்துக்குத் தொலைவிலே, அதை எவரும் உபயோகிக்காத இடத்திலே காணப்பட்டால், அது தூர யாத்திரை செய்வதற்கு அத்தாட்சியாகக் கொள்ளப்படும். காற்றில் இரண்டு நாளுக்கு மேல் அதன் பாதிப் பங்கு அழியாமல் நின்றாலும் அப்படியே. பூரண நிச்சயம் இல்லை என்ற ஒரே காரணத்தால் விசாரணையை நிறுத்தக் கூடாது. அதாவது, பனியே சாட்சிக் கூண்டில் ஏறலாம் என்றாயிற்று. துருவத்தைப் பற்றிய செய்திக்கும் புதிய சட்டத்துக்கும் இடையே இப்படியொரு வாசல் வெட்டிய பிறகே, தேயிலைத் தோட்டத்துக் கிடங்குவரை விஷயம் வந்தது.

ஜெனீவாவில் நாம் நின்ற இடம்

இந்தியா 2006 ஜனவரியில் அவ்வுடன்படிக்கையை உறுதி செய்தது. புதிதாகச் சேர்க்கப்படும் விஷம் ஒவ்வொன்றையும் தனித்தனியே நாமே ஒப்புக்கொண்டாலன்றி அது நம்மைக் கட்டாது என்ற நிபந்தனையோடு உறுதி செய்தது. சுதந்திர தேசம் அப்படிச் செய்வதில் தவறில்லை. 2007-ல் ஐரோப்பிய நாடுகள் என்டோசல்பானைச் சேர்க்கவேண்டுமென்றன. நம் பிரதிநிதிகள் நிபுணர் கமிட்டியிலே வருஷக்கணக்காக எதிர்த்தார்கள். என்டோசல்பானின் பேடண்ட் காலாவதியாகி அது மலிவாகிவிட்டது. அதற்குப் பதில் விற்கும் மருந்துகள் ஐரோப்பியக் கம்பெனிகளின் சொத்து. ஏழை விவசாயியின் செலவில் அவர்கள் வியாபாரம் பெருக்கப் பார்க்கிறார்கள் என்பது வாதம். வெள்ளையர் கம்பெனிகளை அறிந்த நமக்கு இச்சந்தேகம் ஆதாரமற்றதென்று சொல்ல மனம் வராது.

ஆனால் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதற்குப் பெயர் காசர்கோடு. கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் ஆகாய விமானத்திலிருந்து என்டோசல்பானைப் பொழிந்தார்கள். பட்ரே கிராமத்தில் வைத்தியர் ஒருவரும் விவசாயப் பத்திரிகையாளர் ஒருவரும் கன்றுகளும் குழந்தைகளும் ஊனமாய்ப் பிறப்பதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2002-ல் ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல ஆராய்ச்சி நிலையத்தாரும் அவ்வூர்க் குழந்தைகளைச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். கேரள சர்க்கார் மருந்தைத் தடை செய்தது. இவையெல்லாம் அந்நியர் தந்த தகவல்களா? நம் வைத்தியர், நம் ஆராய்ச்சி நிலையம், நம் குழந்தைகள்! அந்நியனுடைய பனியின் சாட்சியை மறுக்கலாம். சொந்தப் பிள்ளையின் சாட்சியை ஜெனீவாவில் போய் மறுப்பது என்ன தேசாபிமானம்? 2011 ஏப்ரல் 25-ம் தேதி கேரள முதன்மந்திரி அச்சுதானந்தன் திருவனந்தபுரத்தில் உண்ணாவிரதம் இருந்தார். அவ்வாரமே ஜெனீவா மகாநாடு என்டோசல்பானைப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர் விலக்குகள் கேட்டுப் பெற்றுக்கொண்டு சம்மதித்தார்கள்.

விலக்குப் பட்டியலைப் படித்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். பயிர்களையும் அவற்றின் பூச்சிகளையும் வரிசைப்படுத்திய அப்பட்டியலில் தேயிலையும் இருக்கிறது. அதற்கெதிரே தேயிலைக் கொசுவும் இருக்கிறது. துருவத்துப் பனி சாட்சி சொல்லிச் சட்டமாக்கிய தடையிலிருந்து தேயிலைத் தோட்டத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டோம். நல்ல வேளையாக, மே 13-ம் தேதியே நம் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் அம்மருந்தைச் செய்வதையும் விற்பதையும் தெளிப்பதையும் நிறுத்தி உத்தரவிட்டது. 2017-ல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கேரள சர்க்காருக்குக் கட்டளையிட்டது.

டைகோபாலின் கதை இவ்வளவு ஆரவாரமில்லாதது. 2019-ல் விலக்கு எதுவுமின்றி உலகப் பட்டியலில் சேர்ந்தது; 2023-ல் நம் மத்திய சர்க்கார் அதைத் தடை செய்தது. இடையிலே நான்கு வருஷம். நான்கு வருஷத் தெளிப்பு.

செய்தி தானாகவே சட்டமாகிவிடாது என்பதற்கு அண்மைச் சாட்சிகளும் உண்டு. அண்டார்க்டிகக் கடலில் க்ரில் என்னும் சிற்றிறால் பிடிப்பதை ஒரே இடத்தில் குவிக்காமல் பகிர்ந்து வைத்த விதி, உறுப்பினர் அனைவரும் ஒருமனப்படாமையால் 2024-ல் காலாவதியாயிற்று; அடுத்த பருவத்தில் வருஷத்து வரம்பான 6,20,000 டன்னும் ஆகஸ்டு தொடக்கத்திலேயே தீர்ந்துபோயிற்று. கிழக்கு அண்டார்க்டிகக் கடலைக் காப்பிடமாக்கும் யோசனை, இந்தியாவின் ஆதரவிருந்தும், ரஷ்யாவும் சீனாவும் இணங்காமையால் வருஷாவருஷம் ஒத்திப்போடப்படுகிறது. உக்ரெய்ன் யுத்தத்துக்குப் பின் 2022-ல் மற்ற ஏழு தேசங்களும் ரஷ்யாவோடு கூடி வேலை செய்வதை நிறுத்தின; வட துருவக் கரையில் ஏறக்குறையப் பாதி அந்நாட்டினுடையது. அங்கிருந்து வரும் அளவைகள் அற்றுப்போனால் மற்றப் பாதியை வைத்துக்கொண்டு எதைத் தீர்மானிப்பது?

ஸ்ரீமதுரைக்கு ஒரு நாற்காலி

வட துருவத்தில் இந்தியாவுக்கு 2008 முதல் ஹிமாத்ரி என்ற நிலையம் இருக்கிறது. 2013 முதல் ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர் ஸ்தானமும் இருக்கிறது. 2014 ஜூலையில் அங்கே ஒரு கடற்கழியின் ஆழத்தில் அளவைக் கருவிகள் கட்டிய மிதவையொன்றை இறக்கினார்களே, அதை அமைத்ததில் முக்கிய பங்கு நம் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையத்துக்கு உரியது. சென்னையில் பூட்டிய கருவி துருவத்துக் கடலின் சூட்டையும் உப்பையும் எழுதியது. இதில் நமக்குப் பெருமையே. ஆனால் பனியைச் சென்று அளக்கும் தேசம், விஷம் கிளம்பும் வாசலை அளக்கவேண்டாமா? ஹிமாத்ரியில் அளவுக்கோல் ஒரு முனை, கூடலூரில் மறுமுனை. இரண்டையும் சேர்த்துச் சபையில் வைக்கும் தேசத்தின் சொல்லுக்கு, வாக்கில்லாத பார்வையாளர் ஸ்தானத்திலும் கனமிருக்கும்.

தேயிலையில் மருந்தின் எச்சம் அளக்கப்படாமலில்லை. தேயிலை போர்டு 2014-ல் வகுத்த பயிர்ப் பாதுகாப்பு விதிகள் எம்மருந்து தெளிக்கலாம், தெளித்து எத்தனை நாள் கழித்துக் கொழுந்து பறிக்கலாம் என்று கூறுகின்றன. ஐரோப்பாவில் கப்பலைத் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம் குன்னூர் ஏலத்தையும் எட்டியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் இந்த அளவையெல்லாம் யாருக்காக? கோப்பையில் ஊற்றிக் குடிப்பவனுக்காக. முதுகில் தெளிப்பானைச் சுமப்பவனுக்கும், மறுவாரம் அதே செடியில் கொழுந்து பறித்துவிட்டு வந்து குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்கும் என்ன ஏற்பாடு?

ஏற்பாடு காகிதத்தில் உண்டு. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்கு 2010-ல் செய்த திருத்தம், மருந்து கையாளும் ஒவ்வொரு தொழிலாளியின் தேக நிலையைப் பற்றியும் முதலாளி பதிவு வைக்கவேண்டும், அப்பதிவைத் தொழிலாளி கேட்டால் காட்டவேண்டும் என்றது. 2020-ம் வருஷத்துத் தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் தோட்டங்களை விட்டுவிடவில்லை. கதவைத் தட்டினால் திறந்து காட்டவேண்டுமென்று அண்டார்க்டிகாவில் எழுதினார்களே, அதே ஜாதிப் புதுமை இது. ஆனால் பெருந்தோட்டங்களுக்கென்று எழுதிய சட்டம் ஓரேக்கர் ஈரேக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலைக்காரனின் சரிவுக்கு வராது. அங்கேதான் பணியரும் குறும்பரும், 1964-ம் வருஷத்து ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அன்றாடக் கூலிக்கு நிற்கிறார்கள். சிறு தேயிலைக்காரனை இதில் குற்றவாளியாக்க நாம் விரும்பவில்லை. மருந்துப் புட்டியின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டதை அவனாலும் படிக்க முடிவதில்லை.

கூடலூரில் ஒரு வசதி இருக்கிறது. பிற ஜில்லாக்கள் பலவற்றில் அது கிடைக்காது. ஆதிவாசிப் பெண்களையே தாதிகளாகவும் கிராம சுகாதார ஊழியர்களாகவும் பயிற்றுவித்து 1990 முதல் நடந்துவரும் ஆதிவாசி மருத்துவமனை அங்கே இருக்கிறது. பணியர் வீட்டில் எந்தக் குழந்தை எடை குறைந்து பிறந்தது, யாருக்கு மருந்து தெளித்த இரவில் வாந்தியும் மயக்கமும் கண்டது என்று அவ்வூழியர்களுக்குத் தெரிவதுபோல் உதகை ஆபீஸ்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலகெங்கும் காற்றையும் தாய்ப்பாலையும் காலந்தோறும் அளந்து பார்க்கச் சொல்கிறது. அந்த அளவைக்கு நம் தேசம் தேர்ந்தெடுக்கும் இடங்களில் கூடலூர்த் தாலுகா ஒன்றாகட்டும். எடுப்பவர்கள் அவ்வூர்ப் பெண்களாகட்டும். முடிவு டில்லிக்குப் போகும் தினத்திலேயே, தமிழிலும் பணியர் பாஷையிலும் வாய்விட்டுச் சொல்லப்பட்டு அவர்கள் வாசலுக்கும் போகட்டும். அந்த வடக்கத்தித் தாய்க்குக் கிடைத்த பதில் கசப்பானதுதான். ஆயினும் அவளுக்குப் பதில் கிடைத்தது.

மருந்துக் கணக்கும் அவ்வாறே பகிரங்கமாக வேண்டும். எந்தத் தோட்டத்தில் எந்த மாதம் எம்மருந்து எவ்வளவு தெளிக்கப்பட்டது என்ற கணக்கு பெருந்தோட்டங்களில் எழுதப்பட்டே வருகிறது. வாங்கும் கம்பெனி கேட்டால் எடுத்து நீட்டுகிறார்கள். அதைக் கிராம சபையில் நீட்டுவதற்குத் தடை என்ன? குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜயந்தியன்றும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சபை கூடுகிறது. குடிநீர், சாலை, விளக்கு என்ற மாமூல் தீர்மானங்களோடு, அப்பருவத்து மருந்துக் கணக்கும் ஸ்ரீமதுரைச் சபையில் உரக்க வாசிக்கப்படவேண்டுமென்று அவ்வூர் ஊழியர்கள் தீர்மானம் கொண்டுவர வேண்டும். கொண்டுவருவோர் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, பச்சைத் தேயிலை நிறுக்கும் இடத்தில் ஒட்டி வைப்பதை அதற்கு முன்னமே செய்துவிடலாம். அதற்கு எவருடைய அநுமதியும் வேண்டியதில்லை.